தர்செம் சிங்கின் ‘இம்மார்ட்டல்ஸ்’: கண்ணுக்கு விருந்து, கதைக்குப் பஞ்சம்

2011 நவம்பரில் வெளியான ‘இம்மார்ட்டல்ஸ்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்: பார்ப்பதற்கு அழகான படம், கதையில் ஒன்றுமில்லை. அந்தத் தீர்ப்பில் தவறு இல்லை. ஆனால் அழகு ஓரிடத்திலும் குறை வேறோரிடத்திலும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கிடப்பதுபோல அது பேசுகிறது. என் பார்வையில் இப்படத்தின் பலமும் பலவீனமும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. இயக்குநர் தர்செம் சிங் ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையடைந்த ஓவியமாகக் கட்டுகிறார். அப்படிக் கட்டியதாலேயே சில காட்சிகள் வேறெந்தப் புராணப் படத்திலும் காணக் கிடைக்காத உயரத்தைத் தொடுகின்றன. அதே காரணத்தால் ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குக் கதை நடந்து போக வழியில்லாமலும் ஆகிவிடுகிறது.

கதைச் சுருக்கம் எளிதானது. கடவுளர்மீது தீராத வஞ்சம் கொண்ட அரசன் ஹைபரியன், ‘எபிரஸ் வில்’ என்னும் தெய்வீக ஆயுதத்தைத் தேடிக் கிரேக்க மண்ணைச் சூறையாடுகிறான். முன்பு கடவுளரிடம் போரில் தோற்று டார்ட்டரஸ் மலைக்குள் சிறைப்பட்டிருக்கும் டைட்டன்களை அந்த வில்லால் விடுவித்து, கடவுளர்மீது ஏவுவது அவன் எண்ணம். அவனை எதிர்க்கப்போகிறவன் தீசியஸ் என்ற எளிய குடியானவன். முதியவர் உருவில் வந்து சிறுவயது முதலே அவனுக்குப் போர்ப்பயிற்சி அளிப்பவர் கடவுளரின் தலைவர் ஜீயஸ். மனிதர்களின் போரில் கடவுளர் தம் சொந்த உருவத்தில் தலையிடக் கூடாது என்பது ஜீயஸ் வகுத்த சட்டம். தாயைக் கண்ணெதிரே ஹைபரியனிடம் பலிகொடுத்த தீசியஸ், அடிமையாகப் பிடிபட்டு, குறி சொல்லும் கன்னி ஃபீட்ராவுடன் தப்பி, வில்லைக் கண்டெடுத்து, பின் அதை இழந்து, இறுதிப் போருக்கு வந்து சேர்கிறான்.

கிரேக்கப் புராணம் அறிந்தவர்கள் இதில் பல இடங்களில் புருவம் உயர்த்துவார்கள். புராணத்தில் ஹைபரியன் ஒரு டைட்டன். இங்கே அவன் மனித அரசன். ஃபீட்ரா அங்கே கிரீட் மன்னன் மினோஸின் மகள். இங்கே அவள் ஆலயப் பெண். எபிரஸ் வில் என்பதே திரைக்கதை ஆசிரியர்களின் கற்பனை. இவற்றை நான் குறையாகக் கருதவில்லை. புராணத்தைத் திருத்தி எழுத யாருக்கும் உரிமை உண்டு. திருத்தியபின் அந்தத் திருத்தத்துக்கு உண்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே நிபந்தனை. அந்த நிபந்தனையில் படம் எங்கே தவறுகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் அதன் சாதனை. படம் தொடங்கும்போதே டைட்டன்களின் சிறை காட்டப்படுகிறது. மலையின் வயிற்றுக்குள் கனசதுர வடிவில் ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் வரிசை வரிசையாக நின்ற நிலையில் டைட்டன்கள். குதிரைக்குக் கடிவாளம் பூட்டுவதுபோல ஒவ்வொருவர் வாயிலும் இரும்புக் கம்பி செருகப்பட்டிருக்கிறது. உட்கார இடமில்லை, திரும்ப இடமில்லை, கத்தவும் வழியில்லை. யுகங்களாக இப்படி நின்றவர்கள் வெளியே வந்தால் என்ன செய்வார்கள் என்பதை எந்த வசனமும் சொல்லத் தேவையில்லை. இன்னொரு இயக்குநராக இருந்தால் இங்கே ராட்சத உருவங்களையும் தீப்பிழம்பையும் கிராஃபிக்ஸில் கொட்டியிருப்பார். தர்செம் மனித அளவிலான உடல்களையே நிறுத்தி, அவற்றை ஒரே ஒழுங்கில் அடுக்கி, அந்த ஒழுங்கையே அச்சமூட்டுவதாக ஆக்குகிறார். காட்சியால் சிந்திக்கும் இயக்குநர் என்று ஒருவரைச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தச் சிந்தனையில் பாதிப் பங்கு ஆடை வடிவமைப்பாளர் எய்கோ இஷியோகாவுக்கு உரியது. டோக்கியோவில் பிறந்து, சுவரொட்டி, விளம்பரம், நாடகம், திரைப்படம் என்று பல துறைகளில் உழைத்து, ‘பிராம் ஸ்டோக்கர்ஸ் டிராகுலா’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர் அவர். தர்செமின் முதல் நான்கு படங்களுக்கும் ஆடை வடிவமைத்தவர் அவரே. ‘இம்மார்ட்டல்ஸ்’ வெளிவந்து சில வாரங்களில், 2012 ஜனவரியில், அவர் மறைந்தார். அவருடைய ஆடைகள் அலங்காரத்துக்காகத் தைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் பாத்திரத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சுமந்திருக்கிறது. ஹைபரியனின் தலைக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தின் இரு பக்கமும் கொடுக்குபோல் நீண்டு உள்நோக்கி வளைந்த கூர்முனைகள், இரையைக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு வாய்க்குள்ளிருந்து அவன் நம்மைப் பார்ப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகின்றன. ஹைபரியனாக நடித்த மிக்கி ரூர்க் அந்தக் கவசத்துக்குள்ளிருந்து ஏறக்குறைய முணுமுணுக்கும் குரலில்தான் பேசுகிறார். குரலை உயர்த்த வேண்டிய வேலையைக் கவசம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஃபீட்ராவும் அவளுடன் இருக்கும் மூன்று பெண்களும் அணியும் சிவப்பு ஆடைகள் இதைவிட நுட்பமானவை. நால்வரில் உண்மையாகவே வருங்காலம் காண்பவள் ஒருத்தி மட்டுமே. மற்ற மூவரும் அவளை மறைத்துக் காப்பதற்காக அவளைப்போலவே உடுத்தியிருப்பவர்கள். முகத்தை மூடும் திரை, அகன்ற தலையணி, தரையைத் தொடும் சிவப்பு என்று நால்வரும் ஒன்றுபோலவே தோன்றுவதால், எவள் உண்மையானவள் என்பது பகைவனுக்கு மட்டுமின்றிப் பார்வையாளருக்கும் ஒரு கணம் புரிவதில்லை. கதையின் ஒரு முடிச்சையே ஆடை கட்டிவைக்கிறது. ஆடைக் கலைக்கு இப்படிப்பட்ட பொறுப்பை ஒப்படைக்கும் படங்கள் மிகக் குறைவு.

கடவுளரை இளைஞர்களாகக் காட்டியது வெளியான காலத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தது. லூக் எவன்ஸ் நடித்த ஜீயஸுக்கு வெண்தாடியும் இல்லை, முதுமையும் இல்லை. நான் இதைத் துணிச்சலான, சரியான முடிவு என்றே மதிக்கிறேன். சாவில்லாத ஒருவன் விரும்பிய வயதில் இருக்க முடியுமென்றால் எழுபது வயதை ஏன் தேர்ந்தெடுப்பான்? மேலும், அதே ஜீயஸ் மண்ணுக்கு வரும்போது ஜான் ஹர்ட்டின் சுருக்கம் விழுந்த முகத்தை அணிந்துகொள்கிறார். மனிதர்களிடையே மதிப்புப் பெற முதுமை ஒரு வேடமாகத் தேவைப்படுகிறது என்ற எண்ணம் இதில் தானாகவே வந்து அமர்கிறது. ஹர்ட் தோன்றும் சில நிமிடங்களில்தான் படத்தில் உண்மையான மனித வெப்பமும் தெரிகிறது. ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு முன் அவர் விடும் இடைவெளியிலேயே, இந்த முதியவர் சொல்வதைவிட அறிந்தது அதிகம் என்பது புலப்பட்டுவிடுகிறது.

ஒளியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் பாணியைத் தாம் முன்மாதிரியாகக் கொண்டதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். படத்தைப் பார்த்தால் அது வெறும் பேச்சாகத் தோன்றவில்லை. சுற்றிலும் கருமை சூழ, ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளி தோள்பட்டையிலும் கழுத்து நரம்பிலும் மட்டும் விழுந்து நிற்கிறது. மனிதர்களின் உலகம் முழுக்கத் தேன்பழுப்பும் மண்ணின் நிறமும்தான். வானம்கூடப் பழுப்பாகவே தொங்குகிறது. கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மட்டும் வெண்பளிங்கும் தெளிந்த வெளிச்சமுமாக இருக்கிறது. பழுப்பு உலகத்தைப் பத்து நிமிடம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வெண்மை வந்து படும்போது, கடவுளர் எவ்வளவு தொலைவில் வாழ்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கும் இல்லாமல் உணர முடிகிறது. ஒளிப்பதிவாளர் பிரெண்டன் கால்வினுக்கும் இந்த மாற்றத்தைத் திட்டமிட்ட கலைக் குழுவினருக்கும் இதற்காக மனமாரப் பாராட்டுச் சொல்ல வேண்டும்.

சண்டைக் காட்சிகளுக்கு வருவோம். ‘300’ படத்தின் தயாரிப்பாளர்கள் சிலர் இதிலும் இருந்ததால், இதையும் அதன் நகல் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மெதுவசைவும் (ஸ்லோமோஷன்) வெற்றுடல் வீரர்களும் இரண்டிலும் உள்ளன என்பது மெய்தான். ஆனால் ‘இம்மார்ட்டல்ஸ்’ மெதுவசைவைப் பயன்படுத்தும் முறையில் ஒரு புதிய எண்ணம் இருக்கிறது. தீசியஸைக் காக்கப் போர்க்கடவுள் ஏரிஸ் சட்டத்தை மீறி மண்ணில் குதிக்கும் காட்சியில், பகைவர்கள் அனைவரும் ஏறக்குறைய உறைந்த வேகத்தில் இருக்க, ஏரிஸ் மட்டும் இயல்பான வேகத்தில் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் சென்று சம்மட்டியால் அடிக்கிறார். முதல் தலை சிதறி முடிவதற்குள் ஐந்தாவது தலையில் அடி விழுந்துவிடுகிறது. எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் நிகழ்கிறது. மற்றப் படங்களில் மெதுவசைவு அழகுக்காக வரும். இங்கே அது ஒரு கருத்து. கடவுளின் காலம் வேறு, மனிதனின் காலம் வேறு. நமக்கு ஒரு கணமாக இருப்பது அவர்களுக்கு நிதானமாக நடந்துசெல்லப் போதுமான இடைவெளி. கடவுள் தலையிட்டால் மனிதப் போருக்குப் பொருளே இல்லாமல் போய்விடும் என்பதை ஜீயஸின் சட்டம் சொல்லில் சொல்கிறது. இந்தக் காட்சி கண்ணெதிரே காட்டுகிறது. அடுத்த சில நிமிடங்களில் ஜீயஸ் வந்து, சட்டத்தை மீறியதற்காக ஏரிஸைத் தீச்சாட்டையால் கொல்வது அந்த வாதத்தின் கொடுமையான முடிவு. முழுப் படத்திலும் எண்ணமும் காட்சியும் உணர்ச்சியும் ஒன்றாகக் கூடிவரும் இடம் இதுதான்.

கடலின் கடவுள் பொசைடன் ஒலிம்பஸிலிருந்து கடலுக்குள் பாயும் காட்சியையும் இந்த வரிசையில் வைக்கலாம். தங்கக் கவசம் அணிந்த ஓர் உருவம் வானத்திலிருந்து நேர்க்கோடாகக் கடலில் இறங்குகிறது. அதனால் எழும் பேரலை ஹைபரியனின் ஆட்களை அடித்துச் செல்கிறது. தலையிட்டதற்கான தடயம் இல்லாமல் தலையிடும் தந்திரம் அது. சொற்களே இல்லாமல் அந்தப் பாத்திரத்தின் குணத்தையும் சட்டத்தின் ஓட்டையையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது.

இவ்வளவு திறமை கொண்ட படம் ஏன் மனத்தில் தங்குவதில்லை? ஓவியங்களை வரிசையாக மாட்டிய கூடத்தில் நடப்பவருக்கு ஒவ்வொரு சட்டகத்தின் முன்னும் நிற்கத் தோன்றும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றாது. தர்செமின் படம் நம்மை அந்த நிலையில்தான் வைக்கிறது. கடலோரப் பாறை முகப்பில் குடைந்து கட்டிய தீசியஸின் ஊர், குறி சொல்லும் பெண்களின் ஆலயம், டார்ட்டரஸ் மதில் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கும்போது அற்புதம். இவற்றுக்கு இடையில் எத்தனை நாள் நடை, எந்தத் திசை, யார் யாருக்கு முன்னே வந்து சேர்ந்தார்கள் என்பது மட்டும் தெரிவதே இல்லை. படம் பெரும்பகுதி கனடாவின் மொன்ட்ரியாலில் அரங்கங்களுக்குள் எடுக்கப்பட்டது. அரங்கத்துக்கு வெளியே இருக்கும் நிலத்தின் நீளம் திரைக்குள் வரவேயில்லை. நாடு முழுவதும் போர் என்கிறார்கள். நமக்கோ நான்கைந்து மண்டபங்களில் நடக்கும் சண்டையாகத் தோன்றுகிறது.

இதே இயக்குநரின் ‘தி ஃபால்’ படத்தை ஒப்பிட்டால் இந்தக் குறை தெளிவாகும். அந்தப் படத்தைப் பல ஆண்டுகள் அலைந்து, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உண்மையான இடங்களில் அவர் எடுத்தார். ராஜஸ்தானின் ஆபானேரி படிக்கிணறுகூட அதில் உண்டு. அங்கும் ஓவியச் சட்டகங்களே. ஆனால் உண்மையான வெயிலும் காற்றும் புழுதியும் அந்தச் சட்டகங்களுக்குள் புகுந்து அவற்றுக்கு உயிர் கொடுத்தன. ஒரு சிறுமிக்குச் சொல்லப்படும் கதை என்ற அமைப்பு இருந்ததால் இடம்விட்டு இடம் தாவுவதும் இயல்பாக இருந்தது. ‘இம்மார்ட்டல்ஸ்’ படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. படையெடுப்பைப் பற்றிய கதைக்கு நிலவியல் இன்றியமையாதது.

திரைக்கதையின் பெரிய ஓட்டை அந்த வில்தான். அரசன் ஒருவன் ஊர் ஊராக எரித்துத் தேடும் ஆயுதம், தீசியஸ் தன் தாயை அடக்கம் செய்யப் போன இடத்துப் பாறையில் தற்செயலாக அகப்படுகிறது. கிடைத்ததைக் கொண்டு அவன் நண்பர்களைக் காப்பாற்றுகிறான். வெகுவிரைவில் ஒரு கைகலப்பில் தொலைத்தும் விடுகிறான். தேடுவதற்கு உழைப்பும் இல்லை, இழந்ததற்குக் குற்றவுணர்ச்சியும் இல்லை. அவன் இழந்த அந்த வில்லால்தான் மதில் உடைந்து, டைட்டன்கள் விடுபட்டு, எத்தனையோ உயிர்கள் போகின்றன. அப்படியிருந்தும், படைவீரர்கள் முன் நின்று உரையாற்றும்போது அதைப் பற்றி அவன் ஒரு சொல்கூடச் சொல்வதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. ஒரு நாயகனைப் பெரியவனாக்க வேண்டிய சுமையைத் திரைக்கதை ஆசிரியர்கள் கையில் வைத்துக்கொண்டே கீழே போட்டுவிட்டார்கள்.

ஃபீட்ராவுக்கு நேர்வதும் இதே கதிதான். கன்னியாக இருக்கும்வரை மட்டுமே அவளுக்கு வருங்காலம் தெரியும். அந்தப் பார்வையைச் சாபமாக எண்ணி, தன் விருப்பத்தோடு தீசியஸுடன் கூடி அதை இழக்கிறாள். எவ்வளவு கனமான முடிவு அது! அடுத்து வரும் ஏதாவது ஒரு திருப்பத்தில், அந்தப் பார்வை இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமே என்று அவள் தவிக்கும் ஒரு நொடியாவது வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. ஃபீட்ராவாக நடித்த ஃப்ரீடா பின்ட்டோவுக்குச் சிவப்பு ஆடை கிடைத்த அளவுக்குப் பாத்திரம் கிடைக்கவில்லை. திருடனாக வரும் ஸ்டீபன் டார்ஃப் இருக்கும் இடத்தில் கொஞ்சம் கலகலப்பை உண்டாக்குகிறார். அவருக்கும் எழுதப்பட்டது அவ்வளவே.

தீசியஸாக நடித்த ஹென்றி கேவில் அப்போது பெரிய நட்சத்திரமாக வளர்ந்திருக்கவில்லை. உடலும் நிமிர்வும் பாத்திரத்துக்குப் பொருத்தம். குறிப்பாக, குறுகிய சுரங்க வழியில் ஒருவர்பின் ஒருவராக வரும் பகைவர்களை வீழ்த்தியபடி அவர் முன்னேற, கேமரா பக்கவாட்டில் கூடவே நகரும் நீண்ட ஷாட்டில், ஒவ்வொரு அடியின் கனமும் அவர் தோளில் தெரிகிறது. ஆனால் தீசியஸ் கடவுளை நம்பாதவன். அவன் கண்முன்னே கடவுளர் இறங்கி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அவனுக்காகவே சாகிறார். நம்பிக்கையற்றவனுக்கு இதைவிடப் பெரிய அதிர்ச்சி என்ன இருக்க முடியும்? அந்த அதிர்ச்சி அவன் முகத்தில் சில நொடிகள் வந்து போகிறது. அதன்பின் அவன் எப்படி மாறினான் என்பதைக் காட்டும் காட்சியே இல்லை.

மாறாக, ஹைபரியனுக்கு ஒரு நியாயம் தரப்பட்டிருக்கிறது. குடும்பம் துன்புற்றபோது அவன் கடவுளரை வேண்டினான். அவர்கள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின்மீதுதான் அவன் போர் தொடுக்கிறான். ஒரே கேள்வியை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து கேட்கும் இரண்டு மனிதர்களாக நாயகனையும் பகைவனையும் நிறுத்தியிருக்கலாம். அந்த வாய்ப்பு முதல் பாதியில் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டாம் பாதியில் இருவரும் வெறுமனே முஷ்டியால் அடித்துக்கொள்கிறார்கள்.

புராணத்தைத் திருத்தியதில் தவறும் இடத்தைச் சொல்வதாகக் குறிப்பிட்டேன். புராணத்தில் தீசியஸ் கொல்லும் மினோட்டர் இந்தப் படத்தில் காளைத்தலை கொண்ட அசுரன் அல்ல. முள்கம்பியால் பின்னிய காளை முகமூடி அணிந்த ஒரு முரட்டு மனிதன். மிக நல்ல யோசனை. நடந்த நிகழ்ச்சி பிற்காலத்தில் எப்படிக் கதையாக ஊதிப் பெருத்தது என்பதற்கு அது விளக்கமாகிறது. இறுதியில் தீசியஸின் வீரம் சிற்பமாக நிற்பதைக் காட்டும்போது இந்த எண்ணம் மீண்டும் தொடப்படுகிறது. ஆனால் அசுரன் வெறும் மனிதன்தான் என்று சொல்லும் அதே படத்தில், கடவுளர் மலையையே சரிக்கும் மெய்யான கடவுளராகவும் இருக்கிறார்கள். புராணம் மிகைப்படுத்தப்பட்ட வரலாறா, நடந்த அற்புதமா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், அல்லது இரண்டுக்கும் இடையிலுள்ள முரணையே கதையாக்கியிருக்கலாம். படம் இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் போய்விடுகிறது.

உச்சக்கட்டத்தில் கடவுளரும் டைட்டன்களும் மோதும் சண்டை பலரால் கொண்டாடப்படுவது. நடன அமைப்பு என்ற வகையில் அது கச்சிதமானதே. எனக்கு அதில் ஏமாற்றமே மிஞ்சியது. ஏரிஸின் காட்சியில் இருந்த இரட்டைக் காலம் என்ற எண்ணம், இருதரப்பும் சமவேகத்தில் பாயும் இந்தச் சண்டையில் கரைந்துபோகிறது. தொடக்கத்தில் அவ்வளவு அச்சம் தந்த டைட்டன்களுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை, முகமும் இல்லை. சாம்பல் நிறத்தில் அலைமோதும் கூட்டமாக அவர்கள் சுருங்கிவிட்டார்கள். கூண்டுக்குள் நின்றபோது இருந்த கனம் கூண்டைவிட்டு வெளியே வந்தபின் அவர்களுக்கு இல்லை.

பின்னணி இசை இந்த வகைப் படங்களில் வழக்கமாகக் கேட்கும் முரசும் கோஷமுமாகக் கடந்துபோகிறது; தனித்துச் சொல்ல எதுவும் இல்லை.

வன்முறை பற்றி எச்சரிக்கை அவசியம். சிசிலியின் பழைய கொடுங்கோலன் ஃபலாரிஸ் பற்றிய கதைகளில் வரும் வெண்கலக் காளை இதில் வருகிறது. மனிதரை உள்ளே அடைத்துக் கீழே தீ மூட்டும் சித்திரவதைக் கருவி அது. தன் தரப்பைக் காட்டிக்கொடுத்து அடைக்கலம் தேடி வரும் கிரேக்க வீரன் லைசாண்டருக்கு ஹைபரியன் தரும் ‘வரவேற்பு’ இதைவிடவும் பார்க்கச் சகிக்காதது. குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கும் புராணப் படம் என்று எண்ணி யாரும் ஏமாற வேண்டாம். சில இடங்களில் இந்தக் கொடூரம் ஹைபரியனின் குணத்தைக் காட்டப் பயன்படுகிறது. சில இடங்களில் அழகிய ஒளியில் படமாக்கப்பட்ட வெறும் வதையாக நின்றுவிடுகிறது. அந்த இடங்களை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் இது. அத்தனை பெரிய வணிகப் படத்தில் ஒரு வடிவமைப்பாளரும் இயக்குநரும் இவ்வளவு தனித்த கண்ணோட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது சிறிய செய்தி அல்ல. ஓவியம், ஆடை வடிவமைப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகியவற்றில் ஈடுபாடுள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் அந்தக் கருமையும் தங்கமும் ஒன்றும் புலப்படாது என்பதால், பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. பாத்திரங்களோடு ஒன்றி அழவும் பதறவும் விரும்புகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள் டைட்டன்களின் கூண்டு, நான்கு சிவப்பு ஆடைப் பெண்களின் வருகை, பொசைடனின் பாய்ச்சல், ஏரிஸின் சம்மட்டி ஆகிய நான்கு காட்சிகளுக்காகவாவது ஒருமுறை 110 நிமிடங்களை ஒதுக்கலாம்.